செத்த லீஜியன்களின் காடு: ரோமானிய மாயப் போர் விளையாட்டைத் தொடங்குவது எப்படி?

மூன்றடிக்கு மூன்றடி மேசை, அதன் மேல் கொஞ்சம் மரம், கொஞ்சம் சேறு, ஆளுக்கு ஆறு முதல் எட்டு மினியேச்சர் வீரர்கள், சில பத்துமுகப் பகடைகள், அங்குலம் அளக்க ஒரு டேப். ஸ்கர்மிஷ் வார்கேம், அதாவது பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடும் சின்னப் போர் விளையாட்டு, அதற்கு இவ்வளவு போதும். பெரிய வார்கேமில் ஒரு பொம்மை நூறு பேருக்குச் சமம், அது செத்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஸ்கர்மிஷில் ஒரு பொம்மை ஒரு மனிதன், அவனுக்குப் பெயர் உண்டு, பயம் உண்டு, அடுத்த ஆட்டத்துக்கு அவன் வருவானா என்பது நமக்கு உண்மையிலேயே முக்கியமாகிவிடும்.

இதில் பழைய ரோமைக் களமாக வைத்து, கூடவே பேய், சாபம், சகுனம் எல்லாவற்றையும் உள்ளே விடுகிற வகை ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், ரோமானியப் படையை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் டிராகன், ஓர்க், எலும்புக்கூடு மந்திரவாதி என்று வேறு ஏதோ உலகத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆடலாம், தப்பில்லை, ஆனால் இரண்டாவது ஆட்டத்திலேயே ரோம் காணாமல் போய்விடும், சிவப்புச் சட்டை மட்டும் மிஞ்சும். ரோமானியர்களுக்கு அவர்களுடைய பேய்களே ஏராளம். அவர்கள் எதற்குப் பயந்தார்கள், அந்தப் பயத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்பதிலிருந்து விதிகளை எடுத்தால், மந்திரம் தனியாக ஒட்டவைத்த மாதிரி தெரியாது. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாமே அந்த ஒரு எண்ணத்தில் எழுதியதுதான்.

முதலில் வருடத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

"பழைய ரோம்" என்பது ஆயிரம் வருடத்துக்கு மேல் நீள்கிற காலம். அதில் ஒரே ஒரு வருடத்தைப் பிடியுங்கள். என் பரிந்துரை கி.பி. 15, ஜெர்மானியக் காடு. ஏன் என்று சொல்கிறேன்.

கி.பி. 9-இல் வாருஸ் என்ற தளபதியின் கீழ் இருந்த 17, 18, 19 ஆகிய மூன்று லீஜியன்களை (லீஜியன் என்றால் ரோமானியரின் பெரும் படைப்பிரிவு) டியூட்டோபர்க் காட்டில் அர்மினியுஸ் பொறி வைத்து அழித்தான், அவன் செரூஸ்கி என்ற ஜெர்மானியக் குடியின் தலைவன். மூன்று லீஜியன்களும் கொடிபோல் ஏந்திச் சென்ற கழுகுச் சின்னங்களும் போயின. ஆறாவது வருடம் ஜெர்மானிக்குஸ் என்ற ரோமானியத் தளபதி தன் படையோடு அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறான். ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்: வெளுத்துப்போன எலும்புகள் நின்றவர்கள் நின்ற இடத்தில் குவியலாகவும் ஓடியவர்கள் ஓடிய வழியில் சிதறியும் கிடக்கின்றன, மரங்களில் மண்டையோடுகள் அறைந்து வைக்கப்பட்டிருக்கின்றன, பக்கத்துத் தோப்புகளில் அதிகாரிகளைப் பலி கொடுத்த பீடங்கள் நிற்கின்றன. அதே வருடம் கேசினா என்ற துணைத் தளபதி சதுப்பு நிலத்தின் நடுவே போடப்பட்ட பழைய பாலப்பாதை வழியாகப் பின்வாங்கும்போது, ஓர் இரவு கனவில் வாருஸ் ரத்தம் பூசிய உடம்போடு சேற்றிலிருந்து எழுந்து அவனைக் கூப்பிடுகிறான், கையை நீட்டுகிறான், கேசினா அந்தக் கையைத் தள்ளிவிடுகிறான்.

வரலாற்று ஆசிரியரே இப்படி எழுதிக் கொடுத்த பிறகு நாம் கற்பனை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கை நிஜமாகவே நீண்டது என்று வைத்துக்கொண்டால் போதும், விளையாட்டு தயார்.

இந்தக் களத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது, கோயில், தூண், அரங்கம் எதுவும் கட்ட வேண்டாம். மரமும் சேறும்தான் களம்.

பொம்மைகள்

வழக்கமான அளவு 28 மி.மீ. விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் கேம்ஸ் ஆகிய நிறுவனங்கள் பிளாஸ்டிக்கில் ஆரம்பகாலப் பேரரசு ரோமானிய வீரர்களைப் பெட்டியாக விற்கின்றன. ஒரு ரோமானியப் பெட்டி, ஒரு ஜெர்மானியப் பெட்டி, அதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ரோமானியப் பெட்டியில் பாதியை உயிரோடு இருப்பவர்களாகவும் மீதியை வாருஸின் செத்த வீரர்களாகவும் வண்ணம் பூசிவிடலாம். செத்தவர்களும் உயிரோடு இருப்பவர்களும் ஒரே மாதிரி கவசம் போட்டிருப்பது மேசை மேல் பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

செலவு அதிகம் என்றால் 1/72 அளவில் ஹாட், இத்தாலேரி போன்றவர்களின் மென்பிளாஸ்டிக் பொம்மைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வண்ணம் பூசுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் உரிந்து வரும். அதுவும் வேண்டாம் என்றால் வீரர்களின் படத்தை அட்டையில் அச்சிட்டு வெட்டி, அடியில் ஒரு காசை ஒட்டி நிறுத்துங்கள். முதல் ஆட்டத்துக்கு அது தாராளம். நண்பரின் ரெசின் பிரிண்டரில் எடுப்பதாக இருந்தால் கையுறை கட்டாயம், பதப்படுத்தாத ரெசின் தோலில் படவே கூடாது.

கெட்டிப் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பிளாஸ்டிக் சிமென்ட், உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ. மாற்றிப் போடாதீர்கள், பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது, உலோகத்தில் அதற்கு வேலையே இல்லை. அடித்தட்டு 25 மி.மீ. வட்டம்.

வண்ணம்

கறுப்பு பிரைமர் ஒரு பூச்சு. அதன் மேல் அக்ரிலிக்கில் அடிப்படை நிறங்கள், அப்புறம் மேலெல்லாம் கறுப்பு அல்லது பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்), காய்ந்ததும் கவசத்தின் விளிம்புகளில் மட்டும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தை லேசாகத் தேய்த்து விடுங்கள். முடிந்தது. லீஜியன் வீரனின் உடுப்பு சிவப்பா, சாயம் போடாத வெள்ளையா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, எனவே உங்களுக்குப் பிடித்த நிறத்தைப் பூசுங்கள். நான் உயிருள்ளவர்களுக்குச் சிவப்பைத்தான் சொல்வேன், ஏனென்றால் செத்தவர்கள் சாம்பல் நிறத்தில் இருக்கும்போது வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

செத்தவர்களுக்கு இன்னும் எளிய வழி: முழுப் பொம்மைக்கும் வெளிர் சாம்பல், மேலே பச்சை வாஷ், அதன் மேல் எலும்பு நிறத்தில் ஓர் உலர் பூச்சு, கவசத்தில் அங்கங்கே ஆரஞ்சு கலந்த பழுப்பில் துரு. ஒரு மாலையில் ஆறு பொம்மை முடியும். ஒருவனுக்கு மட்டும் வெள்ளி முகமூடி வைத்துவிடுங்கள். போர் நடந்த இடமாகப் பலர் கருதும் கால்க்ரீஸ என்ற ஊரில் தோண்டியபோது குதிரைவீரன் ஒருவனின் இரும்பு முகமூடி கிடைத்திருக்கிறது, ஒரு காலத்தில் அதன் மேல் வெள்ளித் தகடு இருந்தது. உங்கள் பேய்ப்படையின் தலைவன் அவன்தான்.

களம்

தடித்த அட்டையை ஒழுங்கற்ற வடிவங்களில் வெட்டி அடர்பழுப்பு பூசி, காய்ந்த பின் ஃபெவிகாலைத் தடிமனாக ஊற்றிக் காயவிட்டால் ஈரம் மின்னுகிற சேறு கிடைக்கும். ஓரத்தில் தேங்காய் நாரைக் கத்தை கத்தையாக ஒட்டினால் நாணல். மரங்களுக்குக் காய்ந்த சுள்ளி, இலையே வேண்டாம், இந்தக் காடு அப்படித்தான் இருக்க வேண்டும். சேறு மேசையில் பாதியையாவது பிடிக்கட்டும், நடுவில் இரண்டு அங்குல அகலத்தில் மரப்பலகைப் பாதை ஒன்று, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கினால் வந்துவிடும். வெட்டவெளி அதிகம் விட்டால் ஈட்டி எறிவதிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

விதிகள்

கடையில் விதிப்புத்தகங்கள் கிடைக்கின்றன, அவற்றுக்குப் பிறகு போகலாம். முதல் ஆட்டத்துக்குக் கீழே உள்ளது போதும்.

ஒவ்வொரு வீரனுக்கும் மூன்று எண்: சண்டை, மனத்திடம், கவசம். லீஜியன் வீரனுக்கு 3, 6, 4. நூற்றுவர் தலைவனுக்கு 4, 8, 4, அவன் இரண்டு காயம் வரை தாங்குவான், அதாவது இரண்டாவது காயத்தில்தான் விழுவான். குடல் பார்த்துக் குறி சொல்லும் ஹருஸ்பெக்ஸுக்கு 1, 7, 2. செரூஸ்கி வீரனுக்கு 3, 6, 2. அவர்கள் தலைவனுக்கு 5, 7, 3, இரண்டு காயம். குறி சொல்லும் பெண்ணுக்கு 1, 8, 2. ரோம் பக்கம் ஒரு தலைவன், ஒரு ஹருஸ்பெக்ஸ், நான்கு வீரர்கள், ஆக ஆறு பேர். செரூஸ்கி பக்கம் ஒரு தலைவன், ஒரு குறிகாரி, ஆறு வீரர்கள், ஆக எட்டு.

இரு பக்கமும் மாறி மாறி ஒரு வீரனை இயக்குங்கள். ஒவ்வொருவனுக்கும் இரண்டு செயல்: நகர்வது, அடிப்பது, எறிவது, சடங்கு செய்வது, தோண்டுவது, இவற்றில் எந்த இரண்டும். ஒரு நகர்வு 5 அங்குலம், ரோமானியனுக்குச் சேற்றில் 3 மட்டுமே. செரூஸ்கிக்குச் சேற்றிலும் 5-தான், ஏனென்றால் சதுப்பில் சண்டையிட்டுப் பழகிய, நீண்ட ஈட்டி பிடித்த நெட்டையர்கள் என்று டாசிட்டஸே அவர்களைப் பற்றிச் சொல்கிறார். கவசம் குறைந்தவர்கள் ஏன் ஜெயித்தார்கள் என்பது இந்த ஒரு விதியிலேயே புரிந்துவிடும்.

அடிக்கும்போது இருவரும் பகடை உருட்டித் தங்கள் சண்டை எண்ணைக் கூட்டுங்கள். அதிகம் வந்தவர் வென்றார். வித்தியாசம் தோற்றவனின் கவச எண்ணை எட்டினால் காயம், சாதாரண வீரன் அத்தோடு விழுந்தான். எட்டாவிட்டால் தோற்றவன் ஓர் அங்குலம் பின்னால் தள்ளப்படுகிறான். சமமானால் ஒன்றுமில்லை.

பீலம் என்ற எறியீட்டி லீஜியன் வீரனுக்கு ஆட்டத்தில் ஒரு முறைதான், 6 அங்குலத்துக்குள். பகடையில் 6 அல்லது மேல் வந்தால் பட்டது. பட்டால் ஆள் சாக மாட்டான், அவன் கேடயத்தில் ஈட்டி குத்தி வளைந்து நிற்கிறது, ஆட்டம் முடியும் வரை கவசத்தில் ஒன்று குறைவு. சீசரின் எதிரிகள் இப்படித்தான் கேடயத்தை வீசி எறிந்துவிட்டு வெறும் உடம்போடு சண்டையிட வேண்டியதாயிற்று.

பயம்: இதுதான் முக்கியம்

செத்த ஒருவன் 6 அங்குலத்துக்குள் இருந்தால், உயிருள்ளவன் தன் முறை வரும்போது முதலில் பகடை உருட்ட வேண்டும். மனத்திடம் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால் பிரச்சினை இல்லை. மேலே போனால் ஒரு செயல் போயிற்று. 10 வந்தால் இரண்டும் போய், அருகிலுள்ள மேசை விளிம்பை நோக்கி ஒரு முழு நகர்வு ஓடுகிறான்.

இது மிகை இல்லை. கேசினாவின் முகாமில் ஓர் இரவு ஒரே ஒரு குதிரை கட்டவிழ்ந்து ஓடியது, எதிரி உள்ளே புகுந்துவிட்டான் என்று எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அதட்டியும் கெஞ்சியும் தடுத்தும் யாரும் நிற்காததால் கேசினா வாசலின் குறுக்கே படுத்துவிட்டான், தளபதியின் உடம்பை மிதித்துப் போக யாருக்கும் மனம் வரவில்லை. இதையே விதியாக வையுங்கள்: நூற்றுவர் தலைவனைச் சுற்றி 4 அங்குலத்துக்குள் ஓடிவருகிற வீரன் அங்கேயே நிற்பான். இந்த விதியால் தலைவனைச் சண்டைக்கு முன்னால் அனுப்புவதா, பின்னால் நிறுத்துவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க வேண்டி வரும்.

செத்தவர்களும் சடங்குகளும்

செத்தவர்களை வாளால் கொல்ல முடியாது. ஆட்டக்காரர்கள் யாரும் அவர்களை இயக்குவதுமில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாரும் அருகிலுள்ள உயிருள்ளவனை நோக்கி 4 அங்குலம் நடப்பார்கள். தொட்டால், தொடப்பட்டவன் மனத்திடம் உருட்ட வேண்டும், தோற்றால் சேற்றுக்குள் இழுக்கப்பட்டான், பொம்மையை எடுத்துவிடுங்கள். வென்றால் வாருஸின் கையைத் தள்ளிவிட்டான், செத்தவனை 3 அங்குலம் பின்னால் வையுங்கள்.

அப்புறம் எப்படித் தடுப்பது? ரோமானியர்கள் வீட்டுக்குள் அலையும் ஆவிகளை ஓட்ட மே மாதம் 9, 11, 13 ஆகிய இரவுகளில் ஒரு சடங்கு செய்தார்கள், கவிஞர் ஓவிட் விவரித்திருக்கிறார். வீட்டுத் தலைவன் நள்ளிரவில் வெறுங்காலோடு எழுந்து, கை கழுவி, கறுப்பு அவரை விதைகளை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீசுவான், இவற்றைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன் என்று ஒன்பது முறை சொல்வான், திரும்பிப் பார்க்க மாட்டான். ஆவி பின்னால் வந்து விதைகளைப் பொறுக்கும். பிறகு வெண்கலத்தைத் தட்டி ஒலியெழுப்பி, முன்னோரின் ஆவிகளே வெளியேறுங்கள் என்று ஒன்பது முறை சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்ப்பான்.

மேசையில் இப்படி ஆடுங்கள்: ரோம் பக்கம் மூன்று விதை வில்லைகள். ஒரு செயல் செலவிட்டு ஒரு வில்லையை வைத்தால், 6 அங்குலத்துக்குள் இருக்கும் செத்தவர்கள் அந்தச் சுற்றில் அதை நோக்கித்தான் போவார்கள், பின்பு வில்லையை எடுத்துவிடுங்கள். ஆனால் வைத்தவன் அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அடுத்து அவன் முறை வரும்வரை பின்னாலிருந்து வரும் அடிக்கு அவன் பகடை உருட்டக் கூடாது, சண்டை எண் மட்டும்தான். உண்மையான அவரை விதைகளையே பயன்படுத்துங்கள், மேசை மேல் அழகாக இருக்கும். செரூஸ்கிகளுக்கு விதை கிடையாது, அவர்கள் குறிகாரி ஒரு செயல் செலவிட்டுப் பாடினால் அந்தச் சுற்றில் அவளைச் சுற்றி 3 அங்குலத்துக்குள் செத்தவர்கள் நுழைய மாட்டார்கள்.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான், புதைப்பது. ஏதென்ஸில் சங்கிலிச் சத்தத்தோடு நடமாடிய ஆவி ஒன்றைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி கடிதம் எழுதியிருக்கிறார். ஆவி காட்டிய இடத்தைத் தோண்டி, கிடைத்த எலும்புகளை முறைப்படி அடக்கம் செய்த பிறகு அது வரவில்லை. ஜெர்மானிக்குஸும் மூன்று லீஜியன்களின் எலும்புகளைப் புதைத்தான், மேட்டுக்கு முதல் மண்ணைத் தானே வைத்தான். பேரரசர் திபேரியுஸுக்கு இது பிடிக்கவில்லை, சகுனம் பார்க்கும் குருபதவியில் இருப்பவன் பிணச்சடங்கைத் தொடக் கூடாது என்பது அவர் நினைத்த காரணங்களில் ஒன்று. எனவே ஹருஸ்பெக்ஸ் புதைக்கலாம், ஆனால் புதைத்தால் அவன் சக்தி அத்தோடு போயிற்று. (ஹருஸ்பெக்ஸும் சகுனம் பார்க்கும் ஆகுரும் வேறு வேறு, ஆனால் முதல் ஆட்டத்துக்கு ஒரே ஆளாக வைத்துக்கொள்வது சுலபம்.) சக்தி என்ன என்றால், ஆட்டம் தொடங்கும் முன் குடல் பார்த்து ஒரு பகடை உருட்டுவான். 4 அல்லது மேல் வந்தால் ஆட்டத்தின் நடுவே இரண்டு தடவை ரோம் தன் பகடை ஒன்றை மறுபடி உருட்டிக்கொள்ளலாம். 3 அல்லது கீழ் வந்தால் துர்ச்சகுனம், முதல் சுற்றில் எல்லா ரோமானியர்களுக்கும் மனத்திடம் இரண்டு குறைவு.

முதல் ஆட்டம்

இரவு, 8 அங்குலத்துக்கு அப்பால் யாரும் எதையும் பார்க்க முடியாது. சேற்றில் மூன்று அட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், மேசை நடுக்கோட்டில், ஒன்றுக்கொன்று பத்து அங்குல இடைவெளியில். ஒன்று கழுகுச் சின்னம், இரண்டு வெறும் எலும்பு. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ரோம் தெற்கு விளிம்பிலிருந்து, செரூஸ்கி வடக்கிலிருந்து. அட்டையைத் தொட்டபடி நின்று ஒரு செயலில் தோண்டித் திருப்பலாம். எலும்பு வந்தால், இரண்டு செயல் செலவிட்டுப் புதைக்கலாம். முதல் சுற்றில் பேய் கிடையாது, இரண்டாவது சுற்றிலிருந்து, புதைக்கப்படாத ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு பகடை உருட்டுங்கள், 4 அல்லது கீழ் வந்தால் அங்கே ஒரு செத்தவன் எழுகிறான். கழுகு கிடந்த இடமும் இதில் அடக்கம், கழுகை எடுத்த பிறகும் அந்த அட்டை அங்கேயே இருக்கட்டும்.

கழுகோடு தன் விளிம்பை விட்டு வெளியேறுகிற பக்கம் வென்றது. எட்டு சுற்றுக்குள் யாரும் வெளியேறாவிட்டால் இரவின் வெற்றி செத்தவர்களுக்கு. கழுகைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, நின்று புதைப்பதா என்ற இழுபறியில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. தனியாக ஆடுபவர்கள் செரூஸ்கியை விட்டுவிட்டு ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு பகடை உருட்டினால் நல்ல ஒற்றையாள் ஆட்டம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை, ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு அமானுஷ்யம். சதுப்பில் செத்தவர்கள் எழுகிறார்கள் என்றால் அன்று ஓநாயாக மாறும் மனிதன் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் எதற்கும் பயம் வராது.

தொடராக ஆட

இந்த ஆட்டம் பிடித்தால் அதே வீரர்களோடு மேலே போங்கள். விழுந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்ததும் பகடை: 1, 2 என்றால் இறந்தான், 3 முதல் 5 வரை அடுத்த ஆட்டத்துக்கு வர மாட்டான், 6 அல்லது மேல் வந்தால் பிழைத்தான். சேற்றுக்குள் போனவன் திரும்புவதில்லை, அடுத்த ஆட்டத்தில் செத்தவர்களோடு வருவான்.

இரண்டாவது ஆட்டம் கி.பி. 16. ஜெர்மானிக்குஸின் கப்பற்படை வடகடலில் புயலில் சிதறியது. பிழைத்துத் திரும்பியவர்கள் கேள்விப்படாத பறவைகளையும் கடல் அரக்கர்களையும் பாதி மனிதன் பாதி விலங்கான உருவங்களையும் கண்டதாகச் சொன்னார்கள். ஒரு சின்னத் தீவு, உடைந்த கப்பல், அலை ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அங்குலம் ஏறுகிறது, அரக்கன் தண்ணீரிலிருந்து மட்டுமே தாக்குகிறது. சேற்று அட்டைகளை நீலமாகப் பூசிய இன்னொரு செட் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது ஆட்டம் கி.பி. 19, சிரியாவின் அந்தியோக்கியா. ஜெர்மானிக்குஸ் நோயில் விழுகிறான். வீட்டுத் தரையிலும் சுவரிலும் மனித உடல் மிச்சங்கள், பாதி எரிந்த சாம்பல், அவன் பெயர் கீறிய ஈயத் தகடுகள் கிடைக்கின்றன. சூனியம் வைத்தது ஆளுநர் பீசோவும் அவன் மனைவி பிளான்கினாவும்தான் என்று பேச்சு. இது முழுக்க ஒரு வீட்டுக்குள் நடக்கிற தேடல், களம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பத்து ஓடுகளில் மூன்றின் கீழ் தகடு, ஒரு பக்கம் உங்கள் பழைய லீஜியன் வீரர்கள், மறுபக்கம் பீசோவின் ஆட்கள். எடுக்கப்படாத ஒவ்வொரு தகடுக்கும் சுற்றின் முடிவில் ஒரு பகடை, 7 அல்லது மேல் வந்தால் ஜெர்மானிக்குஸுக்கு ஓர் உயிர்ப்புள்ளி குறையும், மொத்தம் பத்துப் புள்ளி. பீசோ பக்கத்தில் மார்த்தினா என்ற விஷக்காரியையும் சேருங்கள். நிஜத்தில் அவளை ரோமுக்கு அனுப்பும் வழியில் இத்தாலியத் துறைமுகமான புருந்திசியத்தில் திடீரென்று செத்தாள், கூந்தல் முடிச்சில் விஷம் ஒளித்து வைத்திருந்தாளாம். அதனால் அவளைப் பிடிப்பவன் உடனே ஒரு பகடை உருட்ட வேண்டும், 3 அல்லது கீழ் வந்தால் அவனும் விழுவான், அவளிடமிருந்து தகடு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அவனோடு போய்விடும்.